நோயாளி நாற்காலியில் ஜெபசெல்வி

ஜெபசெல்வி தன் உயிருக்கு வந்திருக்கிற ஆபத்தைச் சபைக் கூடத்தின் நடுவில் சத்தமாகச் சொன்னாள். நாங்கள் எல்லோரும் கை தட்டினோம்.

தட்டினவர்களில் நானும் ஒருத்தி. அவள் வாயில் பொய் வராது என்று அங்கிருந்த எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்தவளும் நான்தான். அது என் புத்தியில் உறைக்கிறதற்குள் இரண்டு கைகளும் தட்டி முடித்துவிட்டன. அன்றைக்கு விழுந்த அதிர்ச்சியிலிருந்து நான் இன்னும் எழுந்திருக்கவில்லை.

திருத்தணி ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில் எங்கள் சபை இருக்கிறது. சபைக் கோயிலுக்குப் பின்னால் ஞாயிறு பள்ளி நடக்கிற கூடம். மற்ற நாட்களில் அது சும்மா பூட்டிக் கிடக்கிறதே என்று, மத்தியான வேளையில் பெண்களுக்கு இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். கற்றுக்கொடுக்க வந்தவள் சுசித்ரா. பொதட்டூர்பேட்டையில் தறி ஓட்டுகிற வீட்டுப் பெண். எங்கள் மார்க்கம் இல்லை. ஆனாலும் கோயில் வாசலைத் தாண்டும்போது செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் கூடத்துக்கு வருவாள். அதனாலேயே எனக்கு அந்தப் பிள்ளையைப் பிடித்துப்போயிற்று.

அவள் கரும்பலகையைத் தொட்டதில்லை. கூடத்தின் நடுவில் இரண்டு நாற்காலிகளை எதிரும் புதிருமாகப் போடுவாள். ஒன்றில் கடைக்காரர், இன்னொன்றில் வாங்க வந்தவர். ஒரு நாள் கண்டக்டரும் பயணியும். ஒரு நாள் டாக்டரும் நோயாளியும். முதல் கேள்வியை மட்டும் சுசித்ரா சொல்லித் தருவாள். அதற்கப்புறம் நாற்காலியில் இருக்கிறவர்கள் பாடு. உட்கார்ந்துவிட்டால் தமிழும் கூடாது, தெலுங்கும் கூடாது. வார்த்தை கிடைக்காவிட்டால் கையைக் காலை ஆட்டிக் காட்டலாம். சுற்றி உட்கார்ந்திருக்கிற நாங்கள், யாராவது முழுசாக எதையாவது சொல்லி முடித்தால் உடனே கை தட்ட வேண்டும். சரியா தப்பா என்று யோசிக்கக் கூடாது.

“பேசிட்டாங்க இல்ல? தட்டுங்கக்கா!” என்பாள் சுசித்ரா. கூச்சம் போவதற்கு அதுதான் மருந்தாம்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் இட்லிக் கடை வைத்திருக்கிற ஞானம்மாளுக்கு இந்த வகுப்பு திருவிழா மாதிரி. எந்த வேஷம் என்றாலும் அவள் தயார். தோளில் கிடக்கிற துண்டை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டால் டாக்டர். அதையே தலையில் கட்டிக்கொண்டால் போலீஸ்.

ஜெபசெல்வி அப்படி இல்லை. மலையடிவாரத்தில் ஒரு லாட்ஜில் அறைகளைச் சுத்தம் செய்து, படுக்கை விரிப்பு மாற்றுகிற வேலை அவளுக்கு. வயது நாற்பதுக்கு மேல். இங்கிலீஷ் பேசத் தெரிந்தால் வரவேற்பு மேஜையில் உட்கார வைக்கிறேன் என்று லாட்ஜ் மேனேஜர் சொல்லியிருந்தார். தனியாக வரக் கூச்சமாக இருக்கிறது என்று என்னையும் இழுத்துக்கொண்டு வந்தாள். ஐந்தாவதோடு நின்றுபோன எனக்கு இங்கிலீஷ் எதற்கு? அவளுக்குத் துணையாகத்தான் போனேன். அவள் புருஷன் எலியாஸ் ஆட்டோ ஓட்டுகிறார். முருகனைக் கும்பிட வருகிறவர்களை மலைமேல் ஏற்றி இறக்குவது அவர் பிழைப்பு. “சாமி அவங்களுது, பெட்ரோலு நம்மளுது” என்று சொல்லிச் சிரிக்கிற மனுஷர். ஒரே மகள் அபிகாயில், கல்யாணமாகிச் சென்னையில் இருக்கிறாள்.

ஜெபசெல்விக்கு ஒரு வைராக்கியம் உண்டு. சபையில் முழு அங்கமாகச் சேர்க்கிற திடப்படுத்தல் ஆராதனையில் முழங்காலிட்ட நாளில் தன் வாயைக் கர்த்தருக்கு ஒப்புக்கொடுத்தாளாம். அன்றையிலிருந்து பொய் பேசுவதில்லை. லாட்ஜில் அறை காலியாக இருக்கும்போதே இல்லை என்று சொல்லச் சொன்னால், துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விடுவாள். இந்த வைராக்கியம் சுசித்ராவின் வகுப்பில் பெரிய சங்கடமாகிவிட்டது.

முதல் வாரத்தில் ரயில் நிலையத்துப் பேச்சு. டிக்கெட் கொடுக்கிறவள் ஞானம்மாள். “வேர் ஆர் யூ கோயிங்?” என்று அதட்டினாள். எங்களில் ஒருத்தி டெல்லி போனாள், ஒருத்தி லண்டனுக்கே போனாள். ஜெபசெல்வி மட்டும் நாற்காலியில் நேராக உட்கார்ந்து, “ஐ நாட் கோயிங். ஐ சிட்டிங் ஹியர்” என்றாள்.

ஞானம்மாளுக்குத் தாங்கவில்லை. “யம்மா, டெல்லின்னுதான் சொல்லேன்! டிக்கெட்டுக்கு நானா துட்டு கேக்கப்போறேன்?” என்று தமிழில் கத்திவிட்டாள்.

“அக்கா, இது சும்மா நடிப்புக்கா” என்றாள் சுசித்ரா.

“நடிப்பு உங்களுதுங்க டீச்சர். வாய் என்னுதாச்சே.”

டாக்டர், நோயாளி பேச்சு வந்த நாளில் அவள் நாற்காலிப் பக்கமே வர மறுத்தாள். “எனக்குத்தான் ஜுரம் இல்லியேங்க டீச்சர். இல்லாத நோவ வாயால கூப்புடணுமா?” என்றாள். சுசித்ரா சிரித்துவிட்டு, அதிலிருந்து அவளுக்கென்று உண்மையான வேஷங்களாகவே கொடுத்து வந்தாள். லாட்ஜ் வேலைக்காரி, ஆட்டோக்காரர் பெண்சாதி, மார்க்கெட்டுக்கு வழி சொல்கிறவள். அவற்றில் அவள் நன்றாகவே பேசினாள்.

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் கலைந்து ஊர் கொஞ்சம் மூச்சு விட்ட வாரம் அது. திரும்பவும் டாக்டர் பேச்சு வந்தது. ஞானம்மாள் வழக்கம்போலத் துண்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். “நெக்ஸ்ட்!” என்று கூப்பிட்டாள். யாரும் எழுந்திருப்பதற்கு முன்னே ஜெபசெல்வி எழுந்தாள். தானாகவே நடந்து போய், நோயாளி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

 எல்லோரும் ஓ என்று கத்தினார்கள். “ஜெபாவுக்கு ஜுரம் வந்துட்சிடி!” என்று ஒருத்தி கிண்டல் செய்தாள். சுசித்ராவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. கடைசியில் இந்த அக்கா கூச்சத்தை விட்டுவிட்டாளே என்று.

“வாட் இஸ் யுவர் பிராப்ளம்?” என்றாள் ஞானம்மாள்.

ஜெபசெல்வி அவளைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துச் சொன்னாள். “ஐ ஹேவ் எ லம்ப்.” வலது கையை எடுத்து இடது மார்பின்மேல் சேலைக்கு வெளியே வைத்தாள். “ஹியர். லெஃப்ட் சைடு. வெரி ஹார்டு. நோ பெயின். சின்ஸ் கிறிஸ்மஸ்.”

“ஆகா!” என்று சுசித்ரா குதித்தாள். “எவ்ளோ அழகா, ஒண்ணுகூட விடாம சொன்னாங்க பாருங்க. தட்டுங்கக்கா!”

தட்டினோம். கூடம் அதிர்ந்தது.

“டேக் டேப்லெட். த்ரீ டைம்ஸ்” என்றாள் ஞானம்மாள், கையை வீசி. “நெக்ஸ்ட்!”

ஜெபசெல்வி எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் கைகள் தட்டினபடியே ஒன்றின்மேல் ஒன்றாக நின்றுபோயின.  அவள் பொய் சொல்லமாட்டாள். ஜுரம் இல்லாமல் ஜுரம் என்று சொல்லமாட்டாள் என்றால், கட்டி இல்லாமல் கட்டி என்று எப்படிச் சொல்வாள்?

அவள் சொன்ன வார்த்தைகள் எல்லாம் நானும் அவளோடு உட்கார்ந்து கற்றவைதான். இடது பக்கம் என்பது ஆட்டோவுக்கு வழி சொல்கிற அன்றைக்கு வந்தது. வலி இல்லை என்பதை, ஊசி போடுகிற நர்ஸாக நடித்த ஒருத்தியிடமிருந்து எடுத்தாள். எப்போதிலிருந்து என்று சொல்வதற்கு அவளே ஒரு நாள் சுசித்ராவை என் எதிரிலேயே நிறுத்திக் கேட்டாள். கட்டிக்கு என்ன வார்த்தை என்று கேட்டது, சமையல் பேச்சு நடந்த நாளில். “கேழ்வரகுக் களி கிண்டுறப்போ கட்டி விழுந்தா அதுக்கு இன்னாங்க டீச்சர்?” என்றாள். “லம்ப்” என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, “களில உங்களுக்கு எங்கக்கா கட்டி விழப்போவுது?” என்றாள் சுசித்ரா. நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாளே! பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்திருக்கிறாள். எங்கள் கண்முன்னாலேயே சேர்த்திருக்கிறாள்.

வகுப்பு விட்டதும் அவளைக் கோயில் மதிலோரம் மறித்தேன்.

“ஜெபா, நீ சொன்னது மெய்யா?”

அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

“அடி, வாயத் தொறந்து சொல்லுடி. கட்டி இருக்குதா?”

தலை குனிந்தே இருந்தது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. தமிழில் அந்தச் சொல்லை வாயில் வைக்க அவளால் முடியவில்லை என்று எனக்கு மெல்லத்தான் விளங்கியது. எனக்குத் தெரிந்ததே கொஞ்சம் இங்கிலீஷ். அதை வைத்துக்கொண்டு, மாடும் சைக்கிளும் போகிற அந்தத் தெருவில் நின்று கேட்டேன்.

“ட்ரூ?”

“எஸ்” என்றாள் உடனே.

“டாக்டர்?”

“நோ.”

“எலியாஸ் நோ?” அவருக்குத் தெரியுமா என்று கேட்கிறேன்.

“நோ, நோ.” பயந்துபோய் என் கையைப் பிடித்தாள்.

“ஒய், ஜெபா? ஒய்?”

அவள் கோயில் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஒரே வார்த்தை சொன்னாள்.

“மைக்.”



எங்கள் சபை வழக்கம் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். யாருக்காவது சுகமில்லை என்று தெரிந்தால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் ஐயா ஜெபக் குறிப்பு வாசிப்பார். பேர், வியாதி, வியாதி உடம்பில் எந்த இடம், எல்லாம் வரும். அன்பினால்தான் செய்கிறார்கள். பேர் தெரியாமல் எப்படி ஜெபிப்பது என்பார்கள். வெளியே இரண்டு குழாய் ஒலிபெருக்கி கட்டியிருக்கிறது. சபைக்குள் இடமில்லாமல் மரத்தடியில் நிற்கிறவர்களுக்காகக் கட்டியது. அது ரயிலடி வரைக்கும் கேட்கும். போன வருஷம் கோதண்டம் என்கிற எங்கள் சபை மூப்பருக்கு மூல வியாதி அறுவை செய்தபோது, அதை வாசித்துவிட்டார்கள். அவர் தலை கவிழ்ந்தபடி நடமாடினார். டீக்கடையில் அவரைக் கண்டால் நாற்காலியைத் துடைத்துப்போட்டு, “மெதுவா உக்காருங்க மூப்பரே” என்பார்கள். அப்போது நானும் சிரித்தேன்.

தன் மார்பு அந்தக் குழாயில் வரும் என்று பயந்து, கிறிஸ்மஸிலிருந்து ஆடி வரைக்கும் இவள் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள். புருஷனிடம் சொன்னால் அவர் அழுதுகொண்டு போதகரிடம் ஓடுவார். என்னிடம் சொன்னால் நான் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஜெபிக்கச் சொல்வேன். அவள் கணக்கு தப்பு என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. அப்படித்தான் செய்திருப்போம்.

சுசித்ரா இன்னும் பஸ்ஸுக்குப் போகவில்லை. கூடத்தைப் பூட்டிக்கொண்டிருந்தாள். “டீச்சர்?” என்று ஜெபசெல்வியிடம் கேட்டேன். அந்தப் பக்கம் பார்த்து, “டீச்சர் ஓகே” என்றாள்.

நான் சொன்னதும் சுசித்ராவின் கையிலிருந்த பூட்டு கீழே விழுந்தது. “இல்லக்கா. அது... அது டயலாக்குக்கா” என்றாள். ஜெபசெல்வியின் முகத்தைப் பார்த்தாள். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். “நான் தட்டச் சொன்னனே. அய்யோ, நான்தானே தட்டச் சொன்னேன்.”

“நீங்க சொல்லிக் குடுக்கலன்னா நான் எப்புடிங்க டீச்சர் சொல்லியிருப்பேன்?” என்றாள் ஜெபசெல்வி. அவளே அந்தப் பிள்ளையைத் தேற்றும்படி ஆயிற்று. “தமிழ்ல நெனச்சாலே ஒடம்பு கூசுது. இங்கிலீஷ்ல சொன்னா, அது யாரோ வேற ஒருத்தியோட ஒடம்பு மாதிரி இருக்குதுங்க.”

எலியாஸுக்குச் சொல்லாமல் எதுவும் ஆகாது என்று சுசித்ரா உறுதியாகச் சொன்னாள். சொல்லி வாய் மூடவில்லை, அவரே ஆட்டோவோடு வந்து நின்றார். வகுப்பு விடுகிற நேரத்துக்கு மலையிலிருந்து இறங்கினால் பெண்சாதியை ஏற்றிக்கொண்டு போவது வழக்கம். நாங்கள் இருவரும் பின்னால் ஏறினோம். சுசித்ரா வெளியே நின்றாள்.

எலியாஸ் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். அவருக்கும் சவாரி இங்கிலீஷ் கொஞ்சம் வரும். “எஸ் மேடம்! வேர் கோயிங்?”

நாற்காலியில் உட்கார்ந்தது போலவே ஜெபசெல்வி நேராக உட்கார்ந்தாள். “ஹாஸ்பிடல்.”

“விச் ஹாஸ்பிடல் மேடம்?”

“கேன்சர் ஹாஸ்பிடல்.”

“இன்னாடி இது, வெளயாட்டுக்குக்கூட அந்தப் பேர...” என்று திரும்பினார். திரும்பினவர் பேச்சு அறுந்துபோயிற்று. இருபது வருஷத்துக்கு மேல் அவளோடு குடும்பம் நடத்துகிறவர். அவள் விளையாட்டுக்கு எதையும் சொல்லமாட்டாள் என்று என்னைவிட அவருக்குத் தெரியும். ஓடிக்கொண்டிருந்த எஞ்சினை அணைத்தார். தெருவே அணைந்த மாதிரி இருந்தது.

அவள் மிச்சத்தையும் சொன்னாள். அதே வார்த்தைகள், அதே வரிசை.

“கிறிஸ்மஸ்ல இருந்தா?” என்றார் எலியாஸ்.  “நான் பக்கத்துலதானடி படுத்துகினு இருந்தேன்?”

மறுநாள் விடிந்ததும் சென்னைக்கு ரயில் ஏறினோம். சுசித்ராவும் தன் நைனாவிடம் சொல்லிவிட்டு வந்து சேர்ந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர். எங்களைப் போலத் தமிழ்தான் பேசினார். “சொல்லுங்கம்மா, என்ன தொந்தரவு?” என்று அன்பாகத்தான் கேட்டார். ஜெபசெல்வி வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தாள். சுசித்ரா குனிந்து அவள் காதில், “வாட் இஸ் யுவர் பிராப்ளம்?” என்றாள். உடனே மடை திறந்த மாதிரி எல்லாம் வந்தது. டாக்டர் எழுதுவதை நிறுத்தி அவளை நிமிர்ந்து பார்த்தார். சிரிக்கவில்லை. இங்கிலீஷிலேயே ஒவ்வொன்றாகக் கேட்டார், மெதுவாக, சின்னச் சின்னக் கேள்வியாக. இவளும் சொன்னாள். தெரியாததற்குக் கையைக் காட்டினாள். அக்குளிலும் ஒன்று இருக்கிறது என்று அங்கேதான் காட்டினாள். அது எனக்கும் தெரியாது. 

ஊசி குத்திப் பார்த்தார்கள். படம் எடுத்தார்கள். எது இருக்கக் கூடாது என்று வழியெல்லாம் ஜெபித்துக்கொண்டு போனோமோ, அதுதான் இருந்தது. இடது மார்பை முழுக்க எடுத்துவிட்டார்கள். இனி மருந்து ஏற்ற வேண்டும், நாளாகும் என்றார்கள். பிழைப்பாளா என்று எலியாஸ் நேராகவே கேட்டார். “முன்னாடியே வந்திருந்தா...” என்று தொடங்கின டாக்டர் அதை முடிக்கவில்லை. “இப்பவாவது வந்தாங்களே. செய்ய வேண்டியது நிறைய இருக்கு, செய்வோம்” என்று மட்டும் சொன்னார். நம்பிக்கையை அவர் கொடுக்கவும் இல்லை, பிடுங்கவும் இல்லை. அதைக் கர்த்தர் கையில் வைத்திருக்கிறேன். போதகர் ஐயாவிடம் நானே போய், ஒரு சகோதரிக்காக ஜெபியுங்கள், பேர் கேட்காதீர்கள் என்றேன். அவர் சரியென்றார்.

இனி நான் பார்த்த கடைசி அதிர்ச்சியைச் சொல்லி முடிக்கிறேன்.

அறுவை முடிந்து பொது வார்டில் படுத்திருந்தாள். மகள் அபிகாயில் வந்து கட்டிலருகே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். வார்டு நிறையப் பெண்கள், துணைக்கு வந்தவர்கள், சாப்பாட்டுக் கேரியர்கள். எலியாஸ் கால்மாட்டில் நின்றார். ஜெபசெல்வி மகளின் கையைப் பிடித்து இழுத்தாள்.

“அழுதது போதும். நான் சொல்றதக் கேளு. குளிக்கிறப்போ மாரத் தடவிப் பாக்கணும்.”

நான் திடுக்கிட்டேன். எலியாஸ் கதவுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“அம்மா, மெதுவா பேசும்மா” என்றாள் அபிகாயில், சுற்றிலும் பார்த்து.

“மெதுவா பேசித்தான் இங்க வந்து கெடக்கறேன். மாருன்னா மாருதான். ரெண்டு மாரையும் பாக்கணும். வெரல நுனியால கிள்ளாத. மூணு வெரலயும் தட்டையா வெச்சு, வட்டமா அமுத்திகினே போ. காம்ப விட்டுராத. அப்பால கையத் தூக்கி அக்குளையும் பாரு. வலிக்கலன்னு சும்மா இருந்துராத. எனக்கு வலிக்கவே இல்ல. கட்டி தட்டுச்சின்னா அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு வா. எனக்கு சொல்லு, ஒன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு. தமிழ்லயே சொல்லு. சொல்லுவியா?”

“ஆங்” என்றாள் மகள்.

“ஆங்னா பத்தாது. நான் சொன்னதத் திருப்பிச் சொல்லு.”

அபிகாயில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு திருப்பிச் சொன்னாள். அக்குளை விட்டுவிட்டாள். ஜெபசெல்வி திருத்தினாள். கட்டுப் போட்டிருந்த பக்கத்தை அசைக்க முடியாமல், மற்ற கையின் மூன்று விரல்களைத் தன் வலது மார்பில் தட்டையாக வைத்து, எல்லோரும் பார்க்கவே காட்டினாள். அந்த வாயிலிருந்தும் அந்தக் கையிலிருந்தும் இதெல்லாம் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன்.

வார்டில் சத்தம் குறைந்திருந்தது. அடுத்த கட்டிலுக்குத் துணையாக ஒரு பெண் வந்திருந்தாள். ஆந்திரத்துப் புத்தூர்ப் பக்கத்துக்காரி போலிருக்கிறது, பேச்சில் தெலுங்கு வாடை அடித்தது. கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலுக்குக் கிட்டே வந்தாள். சேலைத் தலைப்புக்குள் அவள் கை இருந்தது. 

“வெரல எப்புடி வெக்கணும்னு சொன்ன?” என்றாள். “இன்னொரு தபா சொல்லும்மா.”